லித்தியம் பேட்டரி: எவ்வளவு வேகமாக சார்ஜ் ஏற்றலாம்?

கேள்வி (வேளச்சேரி): சார், என் ஸ்கூட்டர் பேட்டரி 3 கிலோவாட் ஹவர். வீட்டில் 750 வாட் சார்ஜரில் நாலரை மணி நேரம் ஆகிறது. வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் 80% வந்துவிடுகிறது. தினமும் அதிலேயே போடலாமா?

பதில்: ஒரு மணி நேரத்தில் முழுசாக ஏறும் கரண்டை 1சி என்போம். வீட்டில் நீங்கள் போடுவது கால் சி, வெளியே சுமார் 0.8 சி. கம்பெனி அனுமதித்த வேகம்தான், ஆபத்தில்லை. ஆனால் ஆயுளில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் செல்லின் எதிர்முனையான கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்கார வேண்டும். உள்ளே போகும் வேகத்தைவிட வரத்து அதிகமானால், மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வேலைக்கு வராது, ரேஞ்ச் குறையும். அது ஊசி போல வளர்ந்து இரு முனைகளுக்கு நடுவிலுள்ள பிரிப்புத் தாளான செப்பரேட்டரைத் துளைத்தால் உள்ளேயே ஷார்ட். பேட்டரி நிரம்ப நிரம்ப உள்ளே இடம் குறைகிறது. அதனால்தான் 80%க்கு மேல் வண்டியே கரண்டைக் குறைக்கிறது. அதற்கப்புறமும் ஃபாஸ்ட் சார்ஜரில் காத்திருப்பது வீண் வேலை. அன்றாடத்துக்கு வீட்டு சார்ஜர், அவசரத்துக்கு ஃபாஸ்ட் சார்ஜர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): அண்ணா, டெலிவரி வேலை. கத்திரி வெயில்ல ஓட்டிட்டு வந்து பிளக்கைச் செருகினா ஏற மாட்டேங்குது. அரை மணி கழிச்சுதான் ஏறுது. சார்ஜர் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை தம்பி, பேட்டரியைக் காவல் காக்கும் எலெக்ட்ரானிக் போர்டு, அதாவது பி.எம்.எஸ்., தன் வேலையைச் செய்கிறது. பெரும்பாலான செல்களை 60 டிகிரி வரை ஓட்டலாம். ஆனால் சார்ஜ் ஏற்ற 45 டிகிரிதான் எல்லை. மதிய வெயிலில் ஓடி வந்த பேக் அந்த எல்லையைத் தாண்டியிருக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் செல்லுக்குள் சூடு நாலு மடங்காகும் என்பதால், ஏற்கெனவே கொதிக்கிற பேக்கில் ஃபாஸ்ட் சார்ஜ் போடுவதுதான் மோசமான சேர்க்கை. 80 முதல் 120 டிகிரிக்குள் கிராஃபைட் மேலுள்ள பாதுகாப்புப் படலம் சிதைய ஆரம்பிக்கும், 130 வாக்கில் செப்பரேட்டர் உருகும். பிறகு சூடு தானாகவே ஏறும், யாராலும் நிறுத்த முடியாது.

நிழலில் 30 முதல் 45 நிமிடம் விடுங்கள். ஈரத்துணி, ஐஸ் எல்லாம் வேண்டாம். வெளிக்கூடுதான் குளிரும், உள்ளே சூடு அப்படியே இருக்கும். கனெக்டரில் ஈரம் இறங்குவது தனித் தொல்லை.

கேள்வி (வண்ணாரப்பேட்டை): பழைய 48 வோல்ட் லெட் ஆசிட் ஸ்கூட்டருக்கு லித்தியம் பேக் கட்டி வாங்கினேன். பழைய சார்ஜரும் 48 வோல்ட்தானே, போடலாமா?

பதில்: போடவே கூடாது. '48' என்பது பெயரளவு. லெட் ஆசிட் சார்ஜர் 58, 59 வோல்ட் வரை போகும். உங்கள் பேக் என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் வகை) செல் 13 வரிசை, அதாவது தொடர் இணைப்பில் 13, என்றால் முழு சார்ஜ் 54.6 வோல்ட்தான். 58.8 வோல்ட் கொடுத்தால் ஒரு செல்லுக்கு 4.52 வோல்ட், எல்லையோ 4.2. தடுக்க இருப்பது பி.எம்.எஸ். மட்டுமே. அதிலுள்ள மாஸ்ஃபெட் (கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஷார்ட் ஆகிக் கெட்டால் அதுவும் இல்லை.

எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை) 16 வரிசை என்றால் 58.4 வோல்ட். எண் ஒத்துவருகிறதே என்று ஏமாறாதீர்கள். லெட் ஆசிட் சார்ஜர் நிரம்பிய பிறகும் விடாமல் ஊட்டிக்கொண்டே இருக்கும்.

லேபிளில் 54.6 அல்லது 58.4 என்று அச்சிட்ட லித்தியம் சார்ஜர் வாங்குங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி, பேக்கில் செருகும் முன் அவுட்புட் வோல்ட்டை அளந்து பாருங்கள். 30 ஆம்பியர் ஹவர் பேக்குக்கு 6 முதல் 10 ஆம்ப்ஸ் போதும், 15ஐத் தாண்டாதீர்கள். பி.எம்.எஸ்.இன் சார்ஜிங் கரண்ட் எல்லை, டிஸ்சார்ஜ் எல்லையைவிடப் பெரும்பாலும் குறைவு. கடைக்காரர் பெருமையாகச் சொல்வது டிஸ்சார்ஜ் எண்ணை! முழு சார்ஜில் செல் வரிசைகளுக்கிடையே 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பேலன்ஸ் செய்து சமமாக்கும்வரை ஃபாஸ்ட் சார்ஜ் கிடையாது. மொத்த வோல்ட் சரியாகக் காட்டும்போதே ஒரு வரிசை மட்டும் எல்லை தாண்டியிருக்கும்.

கேள்வி (தாம்பரம்): எப்போதும் 80%லேயே நிறுத்தணுமா?

பதில்: என்.எம்.சி. என்றால் நல்லது. எல்.எஃப்.பி.யை வாரம் ஒருமுறை 100% ஏற்றுங்கள். அதன் வோல்டேஜ் நடுவில் ஏறக்குறைய மாறாமலே இருப்பதால், உச்சிக்குப் போனால்தான் பி.எம்.எஸ். எத்தனை சதவீதம் சார்ஜ் என்ற கணக்கைச் சரிசெய்யும்.

கேள்வி (பள்ளிக்கரணை): 2023 மிக்ஜாம் புயல் மாதிரி வெள்ளம் வந்து வண்டி முங்கினால்? ஐ.பி. 67 என்று போட்டிருக்கிறதே.

பதில்: அந்த எண்ணின் அர்த்தம், ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் 30 நிமிடம். அதுவும் புது சீல். சாக்கடை கலந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க நிற்பது அந்தக் கணக்கில் வராது. 'ஏறுதா பார்ப்போம்' என்று பிளக்கைச் செருகாதீர்கள். உப்பும் சேறும் சர்க்யூட்டில் தங்கி அரித்து, நாட்கள் கழித்துகூட ஷார்ட் ஆகலாம். வீட்டிலிருந்து தள்ளித் திறந்தவெளியில் நிறுத்தி, சர்வீஸ் ஆளை வரச் சொல்லுங்கள்.

கேள்வி (போரூர்): அபார்ட்மென்ட்டில் கழற்றி எடுக்கும் பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் போடுகிறார்கள். அசோசியேஷன் என்ன விதி வைக்கலாம்?

பதில்: 2022இல் பல ஊர்களில் ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு மின்சார வண்டி பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக அமல்படுத்தினார்கள். ஒரு செல்லின் சூடு பேக் முழுக்கப் பரவுகிறதா என்ற சோதனையும் அதில் உண்டு. அந்தச் சான்று இல்லாத, வெளியே கட்டிய பேக்கை வீட்டுக்குள் ஏற்ற அனுமதிக்காதீர்கள்.

மற்றவர்களுக்கும்: வாசலை, மாடிப்படியை அடைத்து வைக்கக் கூடாது. எல்லோரும் தூங்கும் நேரத்தில் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. எர்த் உள்ள 15 ஆம்ப்ஸ் பாயிண்ட், 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். 750 வாட் சார்ஜர் 4 ஆம்ப்ஸ்கூட இழுக்காதுதான், ஆனால் தளர்ந்த சாக்கெட் மணிக்கணக்கில் சுட்டு உருகும்.

உப்பிய பேட்டரி, கரைப்பான் மாதிரி இனிப்பு வாசனை, 'உஸ்' சத்தம், புகை, எது வந்தாலும் கிட்டே போகாமல் மெயினை ஆஃப் செய்து எல்லோரையும் வெளியேற்றி 101 அல்லது 112ஐ அழையுங்கள். புகை நச்சு. பவுடர் தீயணைப்பு சிலிண்டர் சுவாலையை அடக்கும், உள்சூட்டை அல்ல. அதைத் தணிக்க ஏராளமான தண்ணீர் வேண்டும்; அது தீயணைப்புத் துறை வேலை. அணைந்தது போலத் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப எரியலாம் என்பதால், அந்தப் பேட்டரியை மறுபடி கட்டடத்துக்குள் கொண்டுவராதீர்கள்.