கற்பனை நாடு சரி, துப்பாக்கி நிஜமாக இருக்கட்டும்

கேள்வி: நானும் என் நண்பனும் ஆளுக்கொரு கற்பனை நாட்டை உருவாக்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டு பாணியில் படை சேர்த்து, மேசைமேல் பொம்மை வீரர்களை வைத்துப் போர் நடத்துகிறோம். கொடி, சீருடை, வரைபடம் எல்லாம் தயார். ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு படையும் மேசை நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும், பகடை உருட்டியே ராத்திரி போய்விடும். போதாக்குறைக்கு "என் வீரர்கள் மூன்று மடங்கு வேகமாகச் சுடுவார்கள், கற்பனைதானே" என்கிறான் அவன். நட்பே முறிந்துவிடும் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் போர் எந்த வருடத்தில் நடக்கிறது? கடிதத்தில் அது இல்லை, சிக்கலே அங்கேதான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று பொதுவாகச் சொன்னால் போதாது. 1815-ல் வாட்டர்லூ போரில் நின்ற சிப்பாயின் மஸ்கெட் என்ற பழைய துப்பாக்கி, நூறு மீட்டர் தாண்டினால் குறி தவறும். 1870-ல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஷாஸ்போ ரைஃபிளோ ஆயிரம் மீட்டருக்கு அப்பாலும் சுட்டது. இரண்டையும் ஒரே மேசையில் ஒரே விதியோடு ஆடினால் சண்டை வராமல் என்ன செய்யும்? இருவரும் உட்கார்ந்து ஒரு வருடத்தை முடிவு செய்யுங்கள்.

நண்பர் கேட்பது ஒன்றும் அநியாயம் இல்லை. அப்படி ஒரு படை நிஜமாகவே இருந்தது. ஜெர்மானிய அரசான பிரஷ்யா 1841-லேயே ட்ரைஸே ஊசித் துப்பாக்கியைப் படைக்குத் தேர்ந்தெடுத்துவிட்டது. குண்டைப் பின்பக்கமாகப் போடுவதால் சிப்பாய் தரையில் படுத்தபடியே நிரப்பிச் சுடலாம். 1866 போரில் எதிரில் வந்த ஆஸ்திரியச் சிப்பாயோ, குழல் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டுக் கம்பியால் குத்தி இறக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்க வேண்டும். அவன் ஒரு முறை சுடுவதற்குள் இவன் நான்கைந்து முறை சுட்டுவிடுவான். ஆனால் ட்ரைஸேயில் பின்பக்க இடுக்கு வழியாகச் சூடான புகை முகத்தில் அடிக்கும், தூரமும் குறைவு, ஆஸ்திரியர்களின் லோரென்ஸ் ரைஃபிள் அதைவிடத் தொலைவுக்குச் சுடும். நான்கே வருடம் கழித்து அதே ட்ரைஸேயோடு பிரெஞ்சுப் படை பிடித்திருந்த சான் ப்ரிவா ஊரை நோக்கி மேட்டில் ஏறிய பிரஷ்ய மெய்க்காவல் படை, ஷாஸ்போ முன்னால் ஒரே மாலையில் எட்டாயிரம் பேர் அளவுக்கு இழந்தது. அதனால் நண்பருக்கு அந்த வேகத்தைக் கொடுங்கள், அதன் நோயையும் சேர்த்துக் கொடுங்கள்: அவர் துப்பாக்கி மேசையில் 20 செ.மீ. எட்டட்டும், உங்களுடையது 30. ஒரு சுற்றுக்கு 10 செ.மீ. நடக்கும் படை என்றால், 30 செ.மீ.யிலிருந்து 20-க்கு நெருங்கும் வரை அவர் ஒரு சுற்று முழுக்கப் பதிலடி இல்லாமல் உங்கள் குண்டை வாங்கியாக வேண்டும். அப்புறம் அவர் நேராக ஓடி வர மாட்டார், தோப்பையும் மேட்டு மறைவையும் தேடுவார். நடுவில் முட்டிக்கொள்வது பாதி அங்கேயே குறைந்துவிடும்.

மீதிப் பாதிக்குக் காரணம், இருவருக்கும் எல்லாமே கண்ணுக்குத் தெரிவது. ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி 1824-ல் தன் படைக்காக வடிவமைத்த போர் விளையாட்டில் நடுவர் ஒருவர் உண்டு. ஆடுகிறவர்கள் கட்டளையை எழுதிக் கொடுப்பார்கள், தங்கள் படை எதைப் பார்த்திருக்க முடியுமோ அதை மட்டும்தான் நடுவர் காட்டுவார். மூன்றாவது ஆள் கிடைத்தால் உடனே பிடித்துப் போடுங்கள். கிடைக்காவிட்டால், பின்படை எந்தச் சாலையில் எந்தச் சுற்றில் வரும் என்பதை ஆட்டம் தொடங்கும் முன் ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடித்து வைத்தாலே போதும், ஆட்டம் வேறு மாதிரி ஆகிவிடும்.

இரவெல்லாம் இழுப்பதற்கு, பொம்மைகளைக் கடைசி ஆள்வரை ஒவ்வொன்றாக எடுப்பதுதான் காரணமாக இருக்கும். நிஜப் படை கடைசி ஆள்வரை நிற்காது, அதற்கு வெகு முன்பே உடைந்து ஓடும். மூன்றில் ஒரு பங்கு போனதும் மன உறுதிக்கு ஒரு பகடை, தோற்றால் அந்தப் பட்டாலியன் (படைப்பிரிவு) மேசையை விட்டு வெளியே. வெற்றி என்பது ஒரு பாலமோ ரயில் நிலையமோ எட்டாவது சுற்றின் முடிவில் யார் கையில் இருக்கிறது என்பது மட்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு போட்டால் கற்பனைக்கு என்ன மிச்சம் என்று அவர் கேட்பார். தளபதிகள் முழுக்க உங்கள் இருவருடையவர்கள்தானே. ஒருவருக்கொருவர் பேசாத இரண்டு இளவரசர்கள், தந்தியை நம்பாத கிழட்டு ஜெனரல், கட்டளை வருமுன்னே பாயும் குதிரைப்படைக் கர்னல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குணத்தை எழுதி, கட்டளை போய்ச் சேருமா என்று அந்தக் குணத்தை வைத்துப் பகடை போடுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு 1866-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், இரு பக்கமும் ஆறு பட்டாலியனுக்கு மேல் வேண்டாம்.