நிர்வாகச் செலவு குறைவாக உள்ள தொண்டு நிறுவனத்துக்குத்தான் நன்கொடை தர வேண்டுமா?

மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கித் தர நினைக்கிறீர்கள். ஆண்டறிக்கையில் நிர்வாகச் செலவு 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. சில சமயம் அந்த எண்ணே ஆளைத் திசை மாற்றிவிடும்.

ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்புச் செலவு) பிரிவில், நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்துக் குறிப்பு எழுதுவது என் வேலை. பயனாளிகள் எண்ணிக்கை எல்லாவற்றிலும் கொட்டை எழுத்தில் இருக்கும். இத்தனை முகாம், இத்தனை பேர், குத்துவிளக்கு ஏற்றும் போட்டோ. நான் தேடுவது வேறு. வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்று இவர்கள் எப்போதாவது போய்க் கேட்டிருக்கிறார்களா?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றி வந்த ஆய்வுகளைப் படித்ததிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அந்த மருத்துவமனை. காசு கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு இலவசமாகச் செய்யும் ஏற்பாடு ஊரறிந்தது. மேலாண்மைக் கல்லூரிகளில் பாடமாகவே வைக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. ஆரம்ப காலத்தில், முகாமில் ‘கண்புரை இருக்கிறது, ஆபரேஷன் இலவசம்’ என்று சொல்லியனுப்பியும் பலர் வரவில்லை. ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று ஒரு வரி எழுதி அறிக்கையை மூடியிருக்கலாம். நான் படிக்கும் அறிக்கைகளில் பாதி அப்படித்தான் மூடுகின்றன. அரவிந்த்காரர்கள் காரணத்தைத் தேடிப் போனார்கள். ஆபரேஷன் இலவசம், சரி, பஸ் காசு? சாப்பாடு? துணைக்கு வரும் மகனின் கூலி? அதன் பிறகுதான் முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிப்போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்து ஊரில் கொண்டுவந்து விடும் வழக்கம் வந்தது. ஆட்களை எப்படி வரவைப்பது என்பதையே தென்னிந்தியக் கிராமங்களில் முறையான பரிசோதனையாக நடத்தி 1991-ல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் வெவ்வேறு வழி. ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரையே வீடு வீடாக அனுப்பிப் பேசவைப்பதும் அதில் ஒன்று.

அதோடு நிறுத்தவும் இல்லை. முகாம்கள் நடந்துவந்த பகுதிகளிலேயே கிராமத்துக்குள் போய்க் கணக்கெடுத்தார்கள். அந்த ஆய்வு 1999-ல் வந்தது. கண்ணில் கோளாறு இருந்த பெரியவர்களில் முகாமுக்கு வந்திருந்தவர்கள் 6.8 சதவீதம்தான்! முகாம் பந்தலில் நின்று பார்த்தால் கூட்டம் அலைமோதும். ஊருக்குள் போனால் நூற்றில் 93 பேர் வீட்டிலேயே இருக்கிறார்கள். பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு என்று காரணங்கள் சொன்னார்கள். ‘இந்த வயசுக்கு மேல பார்த்து என்ன ஆகப்போகுது’, ‘இருக்கிற பார்வையை வச்சே ஓட்டிக்கலாம்’ என்ற எண்ணமும் இருந்தது. முகாம்களை இரட்டிப்பாக்கினால் தீர்கிற பிரச்சினை இல்லை இது. 2000-களின் நடுவில் தேனிப் பக்கத்துச் சிற்றூர்களில் பார்வை மையங்கள் திறந்தார்கள். பயிற்சி பெற்ற பணியாளர்கள் கண்ணைப் பரிசோதிப்பார்கள். மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் கணினித் திரை வழியே நோயாளியிடம் பேசுவார். முகாம் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது உங்கள் 10 சதவீதத்துக்கு வருகிறேன். கிராமத்தில் கணக்கெடுக்கப் போனவரின் சம்பளம், அதைத் தொகுத்து அலசியவரின் சம்பளம் எல்லாம் எந்தத் தலைப்பில் எழுதப்படும்? பல சிறிய நிறுவனங்களின் கணக்கில் அது நிர்வாகச் செலவில்தான் போய் விழும். அதைக் குறைத்துக் காட்டத்தான் எல்லாரும் நெருக்குகிறோம். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகத்துக்கு 50 சதவீதம் வரை என்று இருந்த வரம்பை 2020-ல் சட்டத் திருத்தம் 20-ஆகக் குறைத்தது. சி.எஸ்.ஆர். செலவில் கம்பெனி தன் நிர்வாகச் செலவாகக் காட்டக்கூடியது 5 சதவீதம்தான். எங்களுக்கு இருக்கும் வரம்பு இது. ஆனால் விண்ணப்பிக்கும் நிறுவனங்கள்மேலும் அதே கெடுபிடியைப் போடும் கம்பெனிகள் உண்டு (நாங்களும்தான்). அமெரிக்காவில் இந்த நெருக்கடியைத் தொண்டு நிறுவனங்களின் ‘பட்டினிச் சுழற்சி’ என்று 2009-லேயே ஒரு கட்டுரை விவரித்தது. நன்கொடையாளர் குறைவாக எதிர்பார்ப்பார், நிறுவனம் குறைத்துக் காட்டும், காட்டியதைப் பார்த்து எதிர்பார்ப்பு இன்னும் இறங்கும். 2013-ல் அங்கே தொண்டு நிறுவனங்களைத் தரம்பார்க்கும் மூன்று அமைப்புகளே, இந்த விகிதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின.

அதற்காகச் செலவைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அறங்காவலரின் வீட்டுக்கே வாடகை, மைத்துனருக்கே ஒப்பந்தம் என்று ஓடும் இடங்களும் உண்டு. தணிக்கை அறிக்கையில் தொடர்புடையவர்களுக்குப் போன தொகை இருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகச் செலவு 3 சதவீதம் என்று பெருமையாகச் சொன்னால், கணக்கு எழுதுபவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேளுங்கள்.

பிறகு ஒரு போன் போட்டு, ‘போன வருஷம் உங்களிடம் வந்திருக்க வேண்டியவர்கள், ஆனால் வராதவர்கள் யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். திகைத்தால் பரவாயில்லை, பல நல்ல நிறுவனங்களிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ‘அப்படி யாருமே இல்லை, நூறு சதவீதம்’ என்று சட்டென்று பதில் வந்தால் நான் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவேன். ‘மலைக்கு மேல் இருக்கும் ரெண்டு ஊருக்கு எங்களால் போக முடியவில்லை, ஜீப்புக்கு டீசல் போட வழியில்லை’ என்றால், எந்தத் திட்டத்தின் பேரிலும் கட்டாமல், டீசலுக்கோ சம்பளத்துக்கோ அவர்கள் இஷ்டப்படி செலவழிக்கும் பணமாகக் கொடுங்கள்.

வரிச் சலுகையும் கேட்டிருந்தீர்கள். நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு (80ஜி) பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தத் தொகைக்குக் கழிவு கிடைக்காது. வங்கி வழியாக அனுப்பி, மறக்காமல் நன்கொடைச் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.