பதினாறு வயதில் தீராத நெஞ்செரிச்சல்: மாத்திரையை மாற்றும் முன் நேரத்தை மாற்றுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, ப்ளஸ் ஒன் படிக்கிறான். ஏழெட்டு மாதமாக நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். இரவு படுத்தால் புளிப்பு நீர் தொண்டை வரை வருகிறது. டியூஷன் முடிந்து வந்து பத்து மணிக்குத்தான் சாப்பிடுகிறான். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த கேஸ் மாத்திரையை டிபனுக்குப் பிறகு போடுகிறான். போட்டால் ஓரளவு அடங்குகிறது. நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வருகிறது. "அல்சராக இருக்கும், எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து பேக்கேஜ் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னதால் அடுத்த வாரத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். பார்க்கத்தான் வேண்டுமா? வாழ்நாள் முழுக்க மாத்திரைதானா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வாழ்நாள் முழுக்க மாத்திரை என்ற பயத்தை முதலில் விடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அல்சர் போலத் தெரியவில்லை. இரைப்பையில் இருக்க வேண்டிய அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறி வருகிறது. இதைத்தான் எதுக்களிப்பு என்கிறோம். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ளும். சிலருக்கு அது வேண்டாத நேரத்திலும் தளர்ந்து கொடுக்கும். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு இது அதிகம். அந்த நேரத்தில் படுத்தும் விட்டால் புளிப்பு நீர் தொண்டைக்கு வரத்தானே செய்யும்?

அடுத்தது மாத்திரை. கேஸ் மாத்திரை என்று கொடுக்கும் பான்டொப்ரசோல், ஒமெப்ரசோல், ரபெப்ரசோல் ஆகிய எல்லாமே ஒரே குடும்பம். அமிலம் சுரக்கும் இடத்தையே அடக்கும் மருந்துகள். சாப்பாடு வந்து அந்தச் சுரப்பு வேகமெடுக்கும்போது மருந்து ரத்தத்தில் தயாராக இருந்தால்தான் முழுப் பலன். அதனால் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். உங்கள் மகன் டிபனுக்குப் பிறகு போடுகிறான். பாதி மருந்து வீண். மாத்திரை கேட்கவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு நான் மாற்றுவது மாத்திரையை அல்ல, நேரத்தைத்தான்.

நிறுத்தியதும் மோசமாக வருவதற்கும் காரணம் உண்டு. பல வாரங்கள் அடக்கி வைத்த சுரப்பு, மருந்தைத் திடீரென்று விட்டதும் கொஞ்ச நாள் கூடுதலாகவே சுரக்கும். நோய் முற்றிவிட்டது என்று பயந்து மறுபடி கடைக்கு ஓடுவார்கள். அப்படியே வருடக்கணக்கில் போகும். இந்த வயதில் வழக்கமான சிகிச்சை நாலிலிருந்து எட்டு வாரம். சரியான நேரத்தில் போட்டு, முடிவில் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இனி அந்த மெடிக்கல் ஷாப் விஷயம். அட்டையை எடுத்து மருந்தின் பெயரைப் பாருங்கள். பெயரின் முடிவில் 'டி' என்ற எழுத்து இருந்தால், அதில் பெரும்பாலும் டொம்பெரிடோனும் கலந்திருக்கும். அது வாந்திக்கான மருந்து. சிலருக்கு இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கும் என்பதால் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-லேயே அதன் அளவைக் குறைத்து, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகள் மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை, மிட்டாய் மாதிரி கவுண்டரில் கை மாறுகிறது. கேட்க வேண்டியவர்கள் யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. கடைக்காரர் "அப்ப இது போடுங்க" என்று ரானிடிடின் கொடுத்தாலும் வாங்காதீர்கள். புற்றுநோய் அபாயமுள்ள ஒரு மாசுப் பொருள் அதில் உருவாகிறது என்று 2020-ல் அமெரிக்காவில் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னார்கள். நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022-ல் நீக்கிவிட்டார்கள். எரிச்சல் தாங்காத நாளில் ஒரு மூடி ஜெலுசில் குடிப்பதில் தப்பில்லை. தினமும் அதுவே கதி என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பேக்கேஜுக்கு வருகிறேன். அதில் 'அல்சர் கிருமி' என்று ஒரு ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் இருக்கும். ஹெலிகோபாக்டர் என்ற கிருமிக்கான எதிர்ப்புப் பொருளைத் தேடுவது அது. என்றைக்கோ வந்து போன கிருமிக்கும் பாசிட்டிவ் காட்டும். நம் மக்களில் ஏராளமானோருக்கு அந்தக் கிருமி இருக்கிறது, பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எதுக்களிப்புக்காக அதைத் தேடவே வேண்டியதில்லை. பாசிட்டிவ் என்று ஒரு தாள் வந்ததும் இரண்டு வாரம் வீரியமான ஆன்டிபயாட்டிக் எழுதுவார்கள். பையனுக்கு வாந்தியும் பேதியும்தான் மிச்சம். பரிசோதனைக்கு ஆள் அனுப்புகிறவருக்குக் கமிஷன் போகிறது என்பது ஊரறிந்த விஷயம். டாக்டர்கள் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. விதி புத்தகத்தில் இருக்கிறது, கமிஷன் கவரில் போகிறது.

எண்டோஸ்கோப்பி முதல் படி அல்ல. ரத்த வாந்தி, கறுத்த மலம், காரணமில்லாமல் எடை குறைவது, ஓயாத வாந்தி இருந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓடும்போது, விளையாடும்போது மட்டும் நெஞ்சு வலித்தால் இதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இவை இல்லையென்றால் முறையான சிகிச்சையை முடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் யோசிக்கலாம்.

ஆனால் ஒரு கேள்வியை உங்கள் மகனிடம் இன்றைக்கே கேளுங்கள்: சாப்பிடும்போது தொண்டைக்குக் கீழே, நெஞ்சில் உணவு சிக்கிக்கொள்கிறதா? சிக்குகிறது என்று பிள்ளைகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். பழகிப்போயிருக்கும். அதனால் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத் தள்ளுகிறானா, எல்லோரும் எழுந்த பிறகும் தட்டு காலியாகாமல் இருக்கிறானா, கறியையும் சப்பாத்தியையும் ஒதுக்கிவிட்டு ரசம் சாதமாகவே கேட்கிறானா, சின்ன வயதில் வீசிங்கோ தோல் அலர்ஜியோ இருந்ததா? ஆமாம் என்றால் இது அமிலம் மட்டும் அல்லாமல், உணவுக்குழாயிலேயே வரும் ஒருவகை அலர்ஜியாக இருக்கலாம். இயோசினோபில் என்ற ரத்த அணுக்கள் அங்கே போய்க் குவிந்துகொள்ளும். ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். பார்வைக்கு நெஞ்செரிச்சல் மாதிரியே இருக்கும், கேஸ் மாத்திரைக்குக்கூடக் கொஞ்சம் அடங்கும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். வருடக்கணக்கில் விட்டால் உணவுக்குழாய் சுருங்கிவிடும். இதற்கு எண்டோஸ்கோப்பி வேண்டும், கூடவே சதைத் துணுக்கும் எடுக்க வேண்டும். கண்ணுக்குக் குழாய் நன்றாகத் தெரிந்தாலும் வெவ்வேறு இடங்களில் குறைந்தது ஆறு துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினால்தான் பிடிபடும். ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று எழுதிக் கொடுக்கும் எண்டோஸ்கோப்பி இந்த நோய்க்கு உதவாது.

சாப்பாட்டில் நூறு விஷயத்தைத் தடுக்க வேண்டாம். இட்லி மாவு புளித்ததால் வந்தது, காரத்தால் வந்தது என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்வார்கள். எது சாப்பிட்டால் அவனுக்கு எரிகிறதோ அதை மட்டும் விடட்டும். பரோட்டா, எண்ணெயில் பொரித்தவை, கோலா, எனர்ஜி டிரிங்க், வெறும் வயிற்றில் காபி, இவற்றைக் குறைத்தாலே பாதி வேலை முடியும். முக்கியமானது இரவுச் சாப்பாடு. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது கழித்துத்தான் படுக்க வேண்டும். பத்து மணிக்குச் சாப்பிட்டு பத்தரைக்குப் படுப்பவனுக்கு எந்த மாத்திரையும் முழுதாகக் கேட்காது. ஆறரை மணிக்கு டியூஷன் போகும் முன் வீட்டிலேயே சாதமோ தோசையோ சாப்பிட்டுப் போகட்டும். வந்த பிறகு பசித்தால் ஒரு வாழைப்பழம் போதும். எட்டு மணி நேரம் பள்ளி, மூன்று மணி நேரம் டியூஷன், நடுவில் இருபது நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொள்ளும் மதியச் சாப்பாடு என்று பிள்ளைகளை ஓட்டுகிறோம். அதற்கு மாத்திரையில் மருந்து தேடுவது நியாயமா?

படுக்கும்போது தலையணைகளை அடுக்காதீர்கள். வயிறு மடங்கி இன்னும் மோசமாகும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரை அடி உயரத்துக்கு மரக்கட்டையோ செங்கல்லோ வையுங்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் நல்லது. எடை கூடியிருந்தால் கொஞ்சம் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். சிகரெட் பழக்கம் உண்டா என்பதை நீங்கள் கேட்பதைவிட டாக்டர் தனியாகக் கேட்பது நல்லது. அந்தப் பத்து நிமிடம் நீங்கள் வெளியே இருங்கள்.

அடுத்த வாரப் பதிவை ரத்து செய்து, முன்பணத்தைக் கேட்டு வாங்குங்கள். மகனை ஒரு குழந்தைகள் நல மருத்துவரிடமோ இரைப்பை குடல் மருத்துவரிடமோ அந்த மாத்திரை அட்டையோடு கூட்டிப் போங்கள். செலவு பயமாக இருந்தால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரைப்பை குடல் நோய்ப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். மகன் உணவு சிக்குகிறது என்று சொல்லியிருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். "எண்டோஸ்கோப்பி செய்தால் பயாப்ஸியும் எடுப்பீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.