தனியாகக் கழுவிய தட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் டெல்லி ஆர்.கே. புரத்தில் வளர்ந்தவள். வயது 27. அப்பா மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மயூர் விஹாருக்குக் குடிவந்துவிட்டோம். மூன்று வருடங்களாக ஒருவரைக் காதலிக்கிறேன். அவர் மிசோ, சொந்த ஊர் மிசோரம் தலைநகர் ஐஸ்வால். முனிர்காவில் தங்கி வேலை பார்க்கிறார். வீட்டில் படத்தைக் காட்டியதும் அம்மா கேட்டது, "நேபாளியா, சைனாக்காரனா?"

அப்பா கத்தவில்லை. "பையன் நல்லவன்தாம்மா. நம்ம சனம் ஏத்துக்கணுமே" என்றார். தமிழ் கற்றுக்கொள்ளட்டும், பன்றிக்கறி மாட்டுக்கறியை விடட்டும், பத்திரிகையில் போட ஒரு தமிழ்ப் பெயர் வைத்துக்கொள்ளட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார். நான் காதலிக்கும் அவர் எல்லாவற்றுக்கும் சரி என்கிறார். போன மாதம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அவர் கிளம்பியதும் அம்மா அவருடைய தட்டையும் டம்ளரையும் மட்டும் எடுத்துத் தனியாகக் கழுவி வைத்தார். அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. "பொறக்கிற புள்ள யார் முகத்தோட பொறக்கும்? இந்த ஊர்ல அதை நிம்மதியா விடுவாங்களா?" என்று அம்மா அழுகிறார்.

80-களில் கரோல் பாகில் கருவாடு வறுத்ததற்காக வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள், 'மதராசி' என்று மூக்கைப் பொத்தினார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவரே இப்படி இருக்கலாமா? இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் மாறிவிடுவார்களா?

ம.

அன்புள்ள ம.,

'அவர் எல்லாவற்றுக்கும் சரி என்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்திய வரி அதுதான்.

மாமனாரோடு நாலு வார்த்தை பேச ஆசைப்பட்டு ஒருவர் தமிழ் படித்தால் அதைவிட இனிமை வேறில்லை. உங்கள் வீட்டில் அது பரீட்சையாகிவிட்டது. பரீட்சை வைப்பவர்கள் அப்பாவும் அம்மாவும், பாடம் எடுப்பவர் நீங்கள். அவர் தமிழில் சரளமாகப் பேசலாம், கறியை விடலாம், பெயரையும் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை என்ன செய்வார்? உங்கள் அம்மா முதல் நாளே கேட்டது முகத்தைப் பற்றித்தான். ஒரு மலையாளியையோ பஞ்சாபியையோ நீங்கள் விரும்பியிருந்தாலும் வீட்டில் சண்டை வந்திருக்கும். ஆனால் பெயரை மாற்றிக்கொண்டு வா என்று சொல்லியிருப்பார்களா? இது இனவெறி. பாசமுள்ள பெற்றோரிடமும் அது இருக்கும். சனத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அப்பா தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ள நீங்கள் இடம் கொடுக்கக் கூடாது.

அந்தத் தட்டுக்கு வருகிறேன். தனித் தட்டு, தனி டம்ளர் எங்கிருந்து வந்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்மா அதை டெல்லியில் கற்கவில்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த ஊர்களிலிருந்துதான் நம் வீடுகள் இங்கே வந்தன. சாதியாகப் பழகிய கை, புது ஆள் வந்ததும் அதே வேலையைச் செய்கிறது. அம்மாவிடம் இதை நேராகச் சொல்லுங்கள். அவரிடமும் சொல்லுங்கள். அடுத்த முறை அந்த வீட்டில் சாப்பிட உட்காருவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர். அதை மறைத்து வைத்து அவரை மறுபடி அங்கே கூட்டிப்போவது அவருக்குச் செய்யும் துரோகம். அவருக்கு வலிக்கும் என்று தயங்குவீர்கள். டெல்லியில் வாழும் மிசோ ஒருவருக்கு இது முதல் வலியாக இருக்காது.

பிள்ளையின் முகத்தைப் பற்றி அம்மா அழுவதை மட்டும் இதோடு சேர்க்க மாட்டேன். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2014 ஜனவரியில், அருணாசலப் பிரதேசத்து மாணவர் நிடோ டானியாவை லாஜ்பத் நகர்க் கடை ஒன்றில் தலைமுடியைச் சொல்லிக் கேலி செய்தார்கள், தட்டிக் கேட்டதற்கு அடித்தார்கள், மறுநாள் இறந்துபோனார். 2020 மார்ச்சில் இதே டெல்லியில் மணிப்பூர்ப் பெண் ஒருவர் மேல் 'கொரோனா' என்று சொல்லி எச்சில் துப்பிவிட்டுப் போனான் ஒருவன். பேரக்குழந்தையை நினைத்து ஒரு பாட்டி பயப்படாமல் எப்படி இருப்பாள்? அந்தப் பயத்தோடு உட்கார்ந்து பேசுங்கள், அழுதால் சேர்ந்து அழுங்கள். ஆனால் அந்தக் குழந்தையின் அப்பா தொட்ட தட்டைத் தனியாகக் கழுவிக்கொண்டே குழந்தைக்காகப் பயப்பட முடியாது என்பதையும் அம்மா ஒருநாள் கேட்டாக வேண்டும்.

அப்பாவிடம் கருவாட்டைப் பற்றிப் பேசுங்கள், தனியாக இருக்கும்போது. 2007-ல் வடகிழக்கிலிருந்து வருபவர்களுக்காக டெல்லி போலீஸ் ஒரு கையேடு போட்டது. மூங்கில் குருத்து, அகுனி (நாகர்கள் புளிக்கவைக்கும் சோயா) போன்ற வாடையுள்ள பண்டங்களை அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் சமைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். கரோல் பாக் வீட்டுக்காரர் அப்பாவிடம் சொன்னதை அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்தது போலத்தானே? பட்டவர் எப்படி இப்படி இருக்கலாம் என்று கேட்கிறீர்கள். இந்த ஊரில் மரியாதை சம்பாதிக்க அவருக்கு ஒரு ஆயுள் பிடித்திருக்கிறது. இன்னொரு 'அந்நியனை' வீட்டுக்குள் விட்டால் தானும் பழைய இடத்துக்குத் தள்ளப்படுவோம் என்ற பதற்றம் இருக்கலாம். அது புரிகிறது, அதற்காக விட்டுக்கொடுக்க முடியாது. நம்ம சனம் என்று மறுபடி சொன்னால் மோரேயைப் பற்றிச் சொல்லுங்கள். மணிப்பூரில், பர்மா எல்லையில் இருக்கிறது. 60-களில் பர்மாவிலிருந்து வெளியேறிய தமிழர்கள் அங்கே குடியேறி, தமிழ்ச் சங்கம் வைத்து, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டினார்கள். அங்குள்ள பெண்களை மணந்தவர்களும் உண்டு. அவர்களும் நம்ம சனம்தான்.

கடிதத்தில் ஒரு குறை. உங்கள் காதலர் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் அம்மா என்ன நினைக்கிறார்? மிசோக்களிலும் வெளியாரை ('வாய்' என்பார்கள்) மணப்பதை விரும்பாத குடும்பங்கள் நிறைய. அவர் மயூர் விஹாருக்கு வந்தது போல நீங்களும் ஐஸ்வால் போக வேண்டாமா? வெளியூர்க்காரர்கள் மிசோரத்துக்குள் போக இன்னர் லைன் பர்மிட் என்ற அனுமதிச் சீட்டு தேவை, டெல்லி மிசோரம் இல்லத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கே போய், அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து, அவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வையையும் தாங்கிவிட்டு வாருங்கள். இதுவரை தாங்கியது அவர் மட்டும்தான்.

ஒரு வருடம் பொறுப்பதால் மாறுவார்களா என்றால், எனக்கு நம்பிக்கையில்லை. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் புது நிபந்தனை வரும். தேதி குறியுங்கள். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்ய யாரும் மதமோ பெயரோ மாற வேண்டியதில்லை. இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்தபின் 30 நாள் அது அலுவலகத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ஏற்கெனவே துணை இருப்பது, வயது போதாமை, மனநிலை, விலக்கப்பட்ட உறவுமுறை என்று சட்டம் சொல்லும் காரணங்களுக்காக மட்டுமே ஆட்சேபிக்க முடியும். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது அதில் கிடையாது. நோட்டீஸை வீட்டு விலாசத்துக்கு அனுப்பக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. வயது வந்த இருவர் சம்மதித்தால் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

நோட்டீஸ் கொடுக்கும் முன் வீட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்கும் குரல் வேண்டாம். இன்ன தேதி, நீங்கள் வரவேண்டும் என்று கூப்பிடுங்கள். மிரட்டலோ வீட்டுக்காவலோ வரும் என்று கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் வீட்டைவிட்டு வெளியே வந்தபின் போனில் சொன்னால் போதும். பதிவுக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். ஒரு கையெழுத்துக்கு அப்பாவைக் கேளுங்கள். மாட்டேன் என்றால் போடுவதற்கு நண்பர் ஒருவரையும் சொல்லி வையுங்கள்.