புதுச் செடியா, பழைய செடியா? மலைத் தாவரங்கள் பற்றிக் கேள்வி பதில்

செல்வி, போடி: ஈரப் பாறையில் ஊதா நிறக் காசித்தும்பை ஒன்றைப் பார்த்தேன் சார். எந்தப் புத்தகத்திலும் படம் இல்லை. புது இனமா?

இருக்கலாம். ஆனால் படம் இல்லை என்பது சான்றாகாது. நம் மலைகளுக்கு இன்றும் முதலில் புரட்டுவது, ஆங்கிலேயத் தாவரவியலாளர் கேம்பிள் 1915-ல் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலைத்தான். அதில் விவரிப்பு மட்டுமே உண்டு. அப்புறம் வந்த கட்டுரைகளையும் பார்த்துவிட்டு, நெருங்கிய இனங்களின் மூல மாதிரிகளோடு, அதாவது பெயர் வைத்தபோது அந்த இனத்துக்கு அடையாளமாகக் குறித்த செடி மாதிரிகளோடு, ஒப்பிட வேண்டும். அவற்றில் சில கோவை ஹெர்பேரியத்தில் (உலர்ந்த செடி மாதிரிகளின் காப்பகம்) இருக்கின்றன. பழையவை பல லண்டன் கியூ தோட்டத்தில். ஸ்கேன் படங்கள் இணையத்தில் கிடைக்கும்.

காசித்தும்பையில் கூடுதல் தொல்லை உண்டு. பூவை அழுத்திக் காயவைத்தால் உருத்தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். இனத்தைப் பிரித்துக் காட்டுவதோ பூவின் பின்னால் வால்போல் நீளும் தேன்குழலின் நீளம், வளைவு, இதழ் மடல்களின் வடிவம். அதனால் சில பூக்களை ஸ்பிரிட்டில் போட்டு வைப்போம். ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் தம் கடைசிக் காலத்தில் இவற்றோடுதான் மல்லாடினார்.

ரமேஷ், கூடலூர்: அப்படியென்றால் நாங்களே பறித்து அனுப்பலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. வனத்துறை அனுமதி இல்லாமல் பறித்தால் வழக்கு வரும். பூவின் முகப்பு, பக்கவாட்டு, இலையின் அடிப்புறம் எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம்.

கவின், மதுரை: லத்தீன் தெரிய வேண்டுமா? டிஎன்ஏ சோதனை கட்டாயமா?

டிஎன்ஏ கட்டாயமில்லை. தாவரப் பெயரிடும் விதிப்படி, புது இனத்தின் பெயர் செல்ல 2011 முடிய லத்தீன் விவரிப்பு வேண்டியிருந்தது. 2012 ஜனவரி முதல் ஆங்கிலமும் செல்லும். தமிழில் மட்டும் எழுதினால் செல்லாது, என்ன செய்ய! மூல மாதிரி எது, எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று எழுதாவிட்டால் பெயரே செல்லாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

மீனா, தென்காசி: அம்மா பெயரை வைக்கலாமா சார்?

தாராளமாக. சொந்தப் பெயரை வைத்துக்கொள்ளவும் விதியில் தடையில்லை, ஆனால் சிரிப்பார்கள். எனக்குப் பிடித்தவை ஊர்ப் பெயர்களும் மலைப் பெயர்களும்தான்: யூஜீனியா சிங்கம்பட்டியானா, இம்பேஷியன்ஸ் ஆனைமுடிக்கா.

பாலு, திருச்சி: முட்டி வலி, மலை ஏற முடியாது. எனக்கு இதில் வேலை உண்டா?

நிறைய உண்டு. உலகில் ஆண்டுக்குச் சுமார் 2,000 புதுத் தாவர இனங்கள் பெயர் பெறுகின்றன. 2010-ல் வந்த ஓர் ஆய்வின்படி, புது இனங்களில் ஏறத்தாழ கால் பங்கு, மாதிரி சேகரித்து 50 ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் விவரிக்கப்பட்டவை. அதுவரை அலமாரியில்தான் கிடந்தன. ஹெர்பேரியத்தில், இனம் எதுவென்று தெரியாமல் பேரினப் பெயரோடு நின்றுபோன மாதிரித் தாள்களில் தொடங்குங்கள்.