பைத்தானில் அட்ரிபியூட்டை 'டெல்' செய்யும்போது நம் கோடு ஓட வேண்டுமா?

'டெல்' (del) போட்டு ஒரு அட்ரிபியூட்டை, அதாவது ஆப்ஜெக்டில் பெயர் வைத்துச் சேமித்த மதிப்பை, அழிக்கும்போது நடுவில் தன் கோடு (code) ஓட வேண்டும், அதற்காக __டெல்__ (__del__) எழுதியும் ஓடவில்லை என்பது ஒருவரின் கேள்வி.

ஓடாதுங்க. __டெல்__ கூப்பிடப்படுவது ஆப்ஜெக்டே நினைவகத்தை விட்டுப் போகும் நேரத்தில். உங்களுக்கு வேண்டியது __டெல்ஆட்டர்__ (__delattr__). 'டெல் பதிவு.ரசீது' என்று எழுதினால் பைத்தான் அந்த கிளாஸில் உள்ள __டெல்ஆட்டர்__ மெத்தடைக் கூப்பிட்டு, 'ரசீது' என்ற பெயரை ஸ்ட்ரிங்காகக் கொடுக்கும். (பைத்தான் 3ல் தமிழிலேயே பெயர் வைக்கலாம், நான் அப்படித்தான் வைக்கிறேன்.)

இங்கே மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோயிலுக்குத் தைப்பூசக் காவடிப் பதிவுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். விழா முடிந்ததும் பக்தர்களின் போன் நம்பரை மட்டும் அழிக்க ஒரு லூப். அழிக்க வேண்டிய அட்ரிபியூட் பெயர்களின் பட்டியலில் ரசீது எண்ணும் கலந்திருந்தது, ஒரு சத்தமும் இல்லாமல் எல்லாம் போய்விட்டது. ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டி, ராத்திரி வரை உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். அன்றைக்கே எழுதியதுதான் இது: __டெல்ஆட்டர்__ உள்ளே, வந்த பெயர் 'ரசீது' என்றால் அட்ரிபியூட்எரர் எழுப்பு, இல்லாவிட்டால் சூப்பர்().__டெல்ஆட்டர்__(பெயர்). அந்த சூப்பர் வரி முக்கியம், உண்மையில் அழிக்கும் வேலையைத் தாய் கிளாஸிடம் கொடுப்பது அதுதான். அதற்குப் பதிலாக அங்கேயே 'டெல் செல்ஃப்.போன்' என்று எழுதினால் அது மறுபடி இதே மெத்தடைக் கூப்பிடும், அது மறுபடி... இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகக் கூப்பிட வழக்கமான வரம்பு 1000, அதைத் தொட்டதும் ரிகர்ஷன்எரர் வந்து நிற்கும்.

ஒரே ஒரு அட்ரிபியூட்டுக்குத்தான் வேண்டும் என்றால் இவ்வளவு தேவையில்லை, ப்ராப்பர்ட்டி (property, அட்ரிபியூட் போலத் தெரிந்து பின்னால் மெத்தடை ஓட்டுவது) போட்டு அதற்கு ஒரு டெலீட்டர், அதாவது அழிக்கும்போது ஓடும் மெத்தட், எழுதுங்கள். டெலீட்டர் எழுதாத ப்ராப்பர்ட்டியை அழிக்கப் போனால் தானாகவே அட்ரிபியூட்எரர் வரும், பல நேரம் அதுவே போதும். பல கிளாஸ்களுக்கு ஒரே விதி என்றால் __டெலீட்__ (__delete__) உள்ள டிஸ்கிரிப்டர், அதாவது ஒரு அட்ரிபியூட்டின் விதிகளைத் தனியாக வைத்திருக்கும் கிளாஸ். __டெல்__, __டெல்ஆட்டர்__, __டெலீட்__ என்று பெயர் மூன்றும் ஒன்றுபோல இருப்பதால்தான் இந்தக் குழப்பம், உங்கள் மேல் தப்பில்லை.

இன்னொன்று. ஆப்ஜெக்டின் அட்ரிபியூட்கள் சேமிக்கப்படும் செல்ஃப்.__டிக்ட்__ (__dict__) உள்ளே யாராவது நேராகக் கை வைத்து 'பாப்' (pop) செய்து எடுத்துவிட்டால் __டெல்ஆட்டர்__ எட்டிக்கூடப் பார்க்காது. கைதவறி அழிவதைத்தான் இது தடுக்கும், வேண்டுமென்றே அழிப்பவரை இல்லை. அப்புறம், அதே பெயரில் கிளாஸிலும் ஒரு மதிப்பு இருந்தால், ஆப்ஜெக்டில் அழித்த பிறகு பிழை வராது, அந்தப் பழைய மதிப்பு வெளியே தெரியும். 'அழித்தேன், இன்னும் இருக்கிறதே' என்று தேடுவதற்கு முன் கிளாஸை ஒருமுறை பாருங்கள்.