கணினி கேள்வி – பதில்: தின் கிளையண்ட்டுகளுக்கு எந்த முகவரியைக் கொடுப்பது?

கேள்வி: எங்கள் ஏற்றுமதி நிறுவனத்தில் விண்டோஸ் சர்வர் 2019 இயங்கும் மூன்று செஷன் ஹோஸ்ட்டுகளும் (ஊழியர்களின் வேலை உண்மையில் ஓடும் சர்வர்கள்), தனியாக ஒரு கனெக்‌ஷன் புரோக்கரும் (இணைய வருபவரை உரிய ஹோஸ்ட்டுக்கு வழிகாட்டும் சர்வர்) உள்ளன. ஒவ்வொரு தின் கிளையண்ட்டிலும் (சர்வரோடு இணைந்து இயங்கும் சிறு மேசைக் கருவி) மூன்றில் ஒரு சர்வரின் ஐ.பி. முகவரியைப் பதிந்து வைத்திருக்கிறோம். மூன்றுக்கும் ஒரே பெயரைக் கொடுத்து டி.என்.எஸ். (பெயருக்குரிய முகவரியைத் தரும் சேவை) அவற்றின் முகவரிகளை மாறிமாறித் தரும் ரவுண்ட் ராபின் முறைக்கு மாறலாம் என்று ஒருவரும், புரோக்கரின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். புரோக்கரின் பெயரைக் கொடுத்துப் பார்த்தபோது, தொலைவிலிருந்து நுழைய உரிமை இல்லை என்ற செய்தி வந்தது. எது சரியான வழி? – வாசகர், திருப்பூர்

பதில்: புரோக்கரின் பெயரைக் கொடுப்பதே சரியான வழி. நீங்கள் முயன்றபோது அது பலிக்காததற்குக் காரணம், கிளையண்ட் சொல்ல வேண்டிய ஒரு தகவலைச் சொல்லாமல் விட்டதுதான்.

ஐ.பி. முகவரியை நேரடியாகப் பதியும் முறையை முதலில் கைவிடுங்கள். ஒரு சர்வர் நின்றுபோனால், அதன் முகவரியைச் சுமக்கும் அத்தனை மேசைகளும் வேலையின்றி நிற்கும். அவை ஒவ்வொன்றிலும் அமைப்பை மாற்ற நேரிடும். ரவுண்ட் ராபின் முறை விண்டோஸ் சர்வர் 2008, 2008 ஆர்2 காலத்தில் பரவலாக இருந்தது. கிளையண்ட் ஏதோ ஒரு செஷன் ஹோஸ்ட்டை எட்டும். அந்த சர்வர் புரோக்கரைக் கேட்டு, பயனரை உரிய இடத்துக்குத் திருப்பிவிடும். ஆனால் எந்த சர்வர் உயிரோடு இருக்கிறது என்பது டி.என்.எஸ்.-க்குத் தெரியாது, நின்றுபோன சர்வரின் முகவரியையும் அது தயங்காமல் கொடுக்கும். அடுத்த முகவரியைத் தானாக முயலத் தெரியாத கிளையண்ட் மென்பொருள் அங்கேயே காத்துக் கிடக்கும்.

விண்டோஸ் சர்வர் 2012 முதல், இணைப்பை முதலில் ஏற்பது புரோக்கரின் பணியாகிவிட்டது. செஷன் ஹோஸ்ட்டுகளும் ‘கலெக்‌ஷன்’ எனப்படும் தொகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. எனவே தனக்கு எந்தத் தொகுப்பு வேண்டும் என்பதைக் கிளையண்ட் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், அந்தப் பயனர் புரோக்கர் சர்வருக்குள்ளேயே நுழைய வருகிறார் என்று அது எடுத்துக்கொள்ளும். சாதாரண ஊழியருக்கு அங்கே அனுமதி இல்லாததால் மறுத்துவிடும். நீங்கள் கண்ட செய்தி அதுதான்.

அந்தத் தகவல், ஆர்.டி.பி. கோப்பில் (ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பின் அமைப்புகளைக் கொண்ட கோப்பு) ‘லோட்பேலன்ஸ்இன்ஃபோ’ (loadbalanceinfo) என்று தொடங்கும் வரியில் இருக்கிறது. ஒரு விண்டோஸ் கணினியின் உலாவியில் ரிமோட் டெஸ்க்டாப் வெப் அக்சஸ் பக்கத்தைத் திறந்து, உங்கள் தொகுப்புக்கான கோப்பைத் தரவிறக்கி, நோட்பேடில் திறந்தால் அந்த வரியைக் காணலாம். அதை அப்படியே நகலெடுங்கள். ஊகித்துத் தட்டச்சு செய்ய வேண்டாம். ஏனெனில் நீளமான தொகுப்புப் பெயர்கள் உள்ளே 16 எழுத்துகளாக வெட்டப்பட்டிருக்கும்: ‘குவிக்செஷன்கலெக்‌ஷன்’ (QuickSessionCollection) என்ற பெயர் ஆங்கில எழுத்துகளில் ‘QuickSessionColl’ என்ற அளவிலேயே நின்றுவிடும். முழுப் பெயரையும் அடித்துவிட்டு, ஏன் இணையவில்லை என்று தேடுபவர்கள் பலர். லினக்ஸ் அடிப்படையிலான பல தின் கிளையண்ட்டுகளில் இயங்குவது ஃப்ரீஆர்டிபி மென்பொருள். அதில் இத்தகவலை ஏற்கும் விருப்பத்தேர்வு உண்டு.

உங்கள் தின் கிளையண்ட், வெப் அக்சஸ் சர்வர் தரும் தொகுப்புப் பட்டியலான வெப் ஃபீடைப் படிக்கும் திறனுடையதாக இருந்தால் இந்த நகலெடுப்பே தேவையில்லை. வெப் அக்சஸ் சர்வரின் முகவரியை மட்டும் கொடுத்தால் போதும். தொகுப்புகள் தாமே பட்டியலாக வரும், பின்னாளில் நீங்கள் செய்யும் மாற்றங்களும் தாமே வந்து சேரும். வசதி இருக்குமானால் நான் இதையே பரிந்துரைப்பேன். இரண்டுக்கும் வழியில்லாத பழைய கருவிகளுக்காக, புரோக்கரின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ‘டீஃபால்ட் டிஎஸ்வி யுஆர்எல்’ (DefaultTsvUrl) என்ற மதிப்பை அமைத்து, தகவல் தராமல் வருபவர்களை ஒரு குறிப்பிட்ட தொகுப்புக்கு அனுப்பலாம். அப்போது அது ஒரு தொகுப்புக்கு மட்டுமே பயன்படும் என்பதையும், நிர்வாகிகள் புரோக்கருக்குள் செல்ல ‘அட்மின்’ (/admin) விருப்பத்துடன் இணைய வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். புரோக்கர் வழிகாட்டுகிறதே தவிர, அமர்வை (செஷனை) அது சுமப்பதில்லை. கிளையண்ட் அதன்பின் செஷன் ஹோஸ்ட்டை நேரடியாகத் தொடர்புகொள்ளும். ஆகவே தின் கிளையண்ட்டுகள் இருக்கும் வலைப்பிரிவிலிருந்து மூன்று ஹோஸ்ட்டுகளுக்கும் ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட் திறந்திருக்க வேண்டும். ஃபயர்வாலில் புரோக்கருக்கு மட்டும் வழிவிட்டால், கடவுச்சொல் ஏற்கப்பட்ட பிறகு திரை வராமல் இணைப்பு அறுந்துவிடும்.

கேள்வி: புரோக்கரே நின்றுவிட்டால் என்ன செய்வது? – வாசகர், மதுரை

பதில்: ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர்களின் அமர்வுகள் தொடரும், புதிதாக இணைவதுதான் தடைபடும். இதைத் தவிர்க்க இரண்டு புரோக்கர்களை ஒரு எஸ்.க்யூ.எல். சர்வர் தரவுத்தளத்தின் துணையோடு இணையாக இயக்கலாம். மேலே வேண்டாம் என்று சொன்ன ரவுண்ட் ராபின், இரு புரோக்கர்களுக்கும் பொதுவான பெயரைத் தரும் இந்த இடத்தில் ஏற்கத்தக்கது. சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழும் அந்தப் பொதுப் பெயருக்குப் பொருந்த வேண்டும். இல்லையெனில் காலைதோறும் ஊழியர்கள் எச்சரிக்கைப் பெட்டியைக் கண்டு, படிக்காமலே ‘ஆம்’ அழுத்தப் பழகிவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் பழைய தின் கிளையண்ட்டுகள், சர்வரில் என்.எல்.ஏ.-வை (நெட்வொர்க் லெவல் ஆத்தென்டிகேஷன்) நீக்கினால் மட்டுமே இணைகின்றன. நீக்கிவிடலாமா? – வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். அமர்வு தொடங்குவதற்கு முன்பே பயனரை அடையாளம் காணும் ஏற்பாடு அது. 2019-இல் ‘புளூகீப்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 போன்றவற்றில் கடவுச்சொல்லே இல்லாமல் ஊடுருவ வழி இருந்தது, என்.எல்.ஏ. இயங்கிய கணினிகளில் அந்தத் தாக்குதல் ஓரளவு தடுக்கப்பட்டது. எனவே முதலில் தின் கிளையண்ட்டின் ஃபார்ம்வேரை, அதாவது கருவிக்குள் பதிந்திருக்கும் மென்பொருளைப் புதுப்பியுங்கள். பயனர் பெயரையும் டொமைனையும் இணைக்கும் முன்பே கேட்கும் வசதி அதன் அமைப்புகளில் இருந்தால் இயக்கிப் பாருங்கள். பல கருவிகளில் சிக்கல் அதோடு தீர்ந்துவிடும். தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட கருவியாக இருந்தால், அதற்காக சர்வரின் பாதுகாப்பைத் தளர்த்துவதை விட அந்தக் கருவியை மாற்றிவிடுவதே செலவு குறைந்த முடிவு.